பஸ் ஓட்டிய செனற்றர்

ஜேர்மனியில் இருக்கிற தமிழர் எல்லாரும் சேர்ந்து இதுவரை சொன்ன ‘இல்லை’களை ஒரு தட்டிலும், எங்கள் செனற்றர் தனியாளாகச் சொன்னவற்றை மற்றத் தட்டிலும் வைத்தால், தராசு செனற்றரின் பக்கம் சரிந்து நிலத்தில் முட்டும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இரண்டாயிரங்களில் ஹம் நகரத்தில் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் ஒருநாளாவது அவருடைய பஸ்சில் ஏறியிருப்பார்கள். ஏறியவர்கள் எவரும் அதை மறந்ததில்லை.

ஆளுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை வங்கியும் வரி அலுவலகமும் மட்டும்தான் பாவித்தன. எங்களுக்கு அவர் செனற்றர். நெட்டை மனுசன். சீருடைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை வெயில் காலத்திலும் பூட்டியே வைத்திருப்பார். ஊரில் அவருக்குக் கோட்டில் உத்தியோகம். வாசலில் நின்று வழக்காளிகளின் பெயரை மூன்று தரம் கூப்பிடுவது. அவர் கூப்பிட்டால் வழக்காளி மட்டுமல்ல, பக்கத்துச் சந்தையில் அதே பெயரோடு மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறவரும் பதறி ஓடி வருவாராம். பெட்டி படுக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதியாக வந்தவர், அந்தத் தொண்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்திருந்தார். இங்கே அவருக்கு ஒன்பதாம் இலக்க நகர பஸ் ஓட்டுகிற வேலை.

அவருக்குப் பித்துப் பிடித்தது 2001-இல். நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த அதே கிழமை, அமெரிக்கப் பாராளுமன்றத்தில் போர் அதிகாரம் கொடுக்கிற வாக்கெடுப்பு நடந்தது. நானூறு பேருக்கு மேல் ஓம் என்றார்கள். ஒரே ஒரு பெண் இல்லை என்றார். செனற்றர் அப்போது சோற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாராம். கை காயும்வரை அப்படியே இருந்தார் என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார். அடுத்த நாள் நகர நூலகத்துக்குப் போய், அமெரிக்கர்கள் எந்தெந்தப் போருக்கு எப்படி எப்படி வாக்களித்தார்கள் என்று ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அதிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லை, செனற்றர் என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

அவர் படித்ததெல்லாம் சரியாக ஞாபகத்தில் நின்றது என்று சொல்ல முடியாது. ஆண்டுகளை மாற்றுவார், எண்களைத் தாறுமாறாக்குவார், ஆட்களின் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. ஆனால் யார் ஓம் சொன்னது, யார் இல்லை சொன்னது என்பதில் மட்டும் ஆளை அசைக்க ஏலாது. முதலாம் உலகப் போருக்கு ஐம்பது பேர் வரை இல்லை என்றார்கள். அதில் ஒருத்தி அந்தப் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தெரிவான பெண். பிறகு கனகாலம் தோற்று, வெளியே நின்று, திரும்பவும் தெரிவாகி அவர் உள்ளே வந்தபோது இரண்டாம் உலகப் போர் வாசலில் நின்றது. அப்போதும் இல்லை என்றார், இம்முறை தன்னந்தனியாக. வெளியே சனம் சூழ்ந்துகொள்ள, ஒரு ரெலிபோன் பெட்டிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ரெலிபோன் பெட்டியைச் சொல்லும்போது செனற்றர் ஒவ்வொரு தடவையும் ஒரு கையால் கதவைச் சாத்திக் காட்டுவார்.

பஸ்சில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கும், சாரதியோடு பேச வேண்டாம் என்று. செனற்றர் அதை வரிவரியாக ஆராய்ந்து, பயணி சாரதியோடு பேசக்கூடாது என்றுதான் போட்டிருக்கிறதே தவிர, சாரதி பயணியோடு பேசக்கூடாது என்று போடவில்லை என்று கண்டுபிடித்தார். பிறகு என்ன, முன் இருக்கையில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும். ஸ்ரேசனில் 1812 தொடங்கும், இங்கிலாந்தோடு நடந்த சண்டை. சந்தை தாண்டும்போது மெக்சிக்கோவோடு சண்டை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் முதலாம் உலகப் போர். கொரியாவுக்குப் போனபோது வாக்கே எடுக்கவில்லை என்பது அவருக்குத் தாங்க முடியாத கோபம். அந்த இடம் வந்ததும் ஹோர்ன் அடிப்பார். வியட்நாமுக்கு அதிகாரம் கொடுத்தபோது இல்லை சொன்ன இரண்டே இரண்டு பேரின் கதை, கடைசி நிறுத்தமான கோயிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

எங்கள் சனம் போகிற இடத்தின் தூரத்தையே போர்க் கணக்கில் சொல்லத் தொடங்கிவிட்டது. உங்கட வீடு எங்கே என்று ஒருவரைக் கேட்டால், மெக்சிக்கோவில் இறங்கி இடப்பக்கம் திரும்புங்கோ என்பார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த ஒரு அக்கா எப்போதும் முதலாம் உலகப் போரோடு இறங்கிவிடுவதால், இரண்டாவது நடந்ததே அவருக்குத் தெரியாது என்று பகிடி விடுவார்கள்.

பெயர் ஞாபகம் நிற்காததால், ரெலிபோன் பெட்டிக்குள் புகுந்த அந்த அமெரிக்கப் பெண்ணை அவர் ‘அந்த மனுசி’ என்றுதான் சொல்வார். அந்த மனுசின்ரை துணிவு, அந்த மனுசி தனிய நிண்ட நிலை, அந்த மனுசியை நினைச்சால் எனக்கு நித்திரை வராது. ஏறும்போது பாதியும் இறங்கும்போது பாதியும் கேட்ட ஆட்கள் இதைக் கோயிலடியில் போய்ச் சொல்ல, அது சுற்றிவளைத்து அவருடைய மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவருக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. படுத்த படுக்கையாக இருக்கிற பெரிய பெரிய ஜேர்மன்காரரைத் தனியாகத் திருப்பிப் படுக்க வைக்கிற கை. ஒரு லீவு நாள் காலையில் ஸ்ரேசனில் அவருடைய பஸ்சில் ஏறி, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு பின் இருக்கையில் இருந்தார். முன்னால் நான் இருந்தேன். செனற்றர் எனக்கு வழக்கம்போல 1812-இல் தொடங்கினார்.

கடைசி நிறுத்தத்தில் அக்கா எழுந்து முன்னால் வந்தார். அந்த மனுசி எப்ப பிறந்தவ என்று கேட்டார். செனற்றர் திகைத்துப்போய், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்றார். அக்கா சால்வையை எடுத்து மடித்தார்.

“செத்த மனுசியோட எனக்குக் கோவமில்லை. ஆனா அவவுக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசியை வீட்டிலயும் குடுத்தால் குறைஞ்சு போகமாட்டியள்.”

அவர்களுடைய வீட்டிலும் வாக்கெடுப்புத்தான். புது சோபா வாங்குவதா, மச்சானின் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதா, எல்லாவற்றுக்கும் மேசைக்கு முன்னால் பெயர் கூப்பிட்டு ஓமா இல்லையா என்று கேட்பார். பிள்ளைகள் இரண்டும் தாயின் பக்கம். அவர் ஒவ்வொரு முறையும் தோற்று, தோல்வியைக் கௌரவமாக ஏற்று, வாக்கெடுப்பின்படி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போவார்.

எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்துக்கு நான் அப்போது செயலாளர். அதாவது கூட்டங்களில் குறிப்பெழுதுவதும், மண்டபத் திறப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுவதும் என் பொறுப்பு. தலைவராக இருந்தவரை எல்லாரும் தலைவர் என்றே கூப்பிட்டோம். தொழிற்சாலையில் காலை முறை வேலை செய்கிற, யாரோடும் பகைக்க விரும்பாத, மெத்தென்ற மனுசன். அந்த மனுசனைச் செனற்றர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எந்தத் தீர்மானம் என்றாலும் கைதூக்கினால் போதாது, பெயரைச் சொல்லி வாயால் சொல்ல வேண்டும் என்பார். கைக்கு முகமில்லை என்பது அவருடைய வாதம். எல்லாரும் ஓம் என்றால் அவர் எழுந்து இல்லை என்பார். விளையாட்டுப் போட்டியை எந்த மைதானத்தில் வைப்பது என்பதற்கும் இல்லை. ஏன் என்று கேட்டால், ஒருத்தராவது இல்லை எண்டு சொல்லாட்டி அது வாக்கெடுப்பில்லை, பசனை என்பார்.

ஒருமுறை அவரை மடக்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றுலாவுக்கு இனாமாகப் பஸ் ஓட்டி உதவிய செனற்றருக்கு நன்றி தெரிவிக்கிறோம் என்று ஒரு தீர்மானம். இதற்கு எப்படி இல்லை சொல்வார் என்று நாங்கள் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். செனற்றர் எழுந்தார். தன் பெயரைத் தானே கூப்பிட்டார். இல்லை என்றார். போகும்போது பாதை தவறி நாற்பது பேரை ஒல்லாந்து எல்லைக்குக் கொண்டுபோனவனுக்கு நன்றி எதற்கு என்று காரணமும் சொல்லிவிட்டு இருந்தார்.

ஈராக் போருக்கு முந்தின மாதங்களில் ஜேர்மன்காரர்கள் தெருவில் இறங்கினார்கள் அல்லவா, அப்போது செனற்றரும் இறங்கினார். நம் ஆட்கள் சிரித்தார்கள். எங்கட நாட்டில இப்பதான் சண்டை ஓய்ஞ்சு கிடக்கு, ஆரான்ரை சண்டைக்கு இவர் ஏன் குளிருக்க நிக்கிறார் என்றார்கள். அவர் ஒரு மட்டையில், ஓம் சொன்னவர்களில் யாருடைய பிள்ளை போகிறது என்று ஜேர்மன் மொழியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்தில் இரண்டு பிழை. ஒரு ஜேர்மன் கிழவி பக்கத்தில் வந்து, நீங்கள் ஈராக்கோ என்று பரிவோடு கேட்டார். இல்லை, ஒன்பதாம் இலக்க பஸ் என்றார் செனற்றர். கிழவி பையிலிருந்து பேனையை எடுத்து இரண்டு பிழையையும் திருத்திவிட்டு, அவருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. 2006-இல் நடந்தது வேறு.

எங்கள் நாட்டில் சண்டை நிறுத்தம் பெயருக்குத்தான் மிச்சமிருந்தது. அங்கே குண்டு, இங்கே சுட்டது என்று ஒவ்வொரு நாளும் செய்தி. ஒரு ஞாயிறு பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். வெளியூரில் இருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல தமிழ், கேட்பவனுக்கு மயிர்க்கூச்செறியும். பேசினது போதும், இனிப் போர்தான் ஒரே வழி, இதை நாங்கள் ஏகமனதாக ஆதரிக்கிறோம் என்று ஒரு தீர்மானத்தை வாசித்து, கைதட்டி நிறைவேற்றுங்கள் என்றார். மண்டபம் அதிரக் கைதட்டத் தொடங்கியது.

செனற்றர் எழுந்தார். பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும் என்றார். கைதட்டல் ஒவ்வொரு மூலையாக ஓய்ந்தது. தலைவர் மேடையால் இறங்கி அவரிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“அண்ணை, இண்டைக்கு மட்டும் வேண்டாம்.”

“இண்டைக்குத்தான் வேணும்” என்றார் செனற்றர்.

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். இப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் அதற்கு முதல் கேட்டதில்லை. கத்தவில்லை.

“அமெரிக்கன் ஆயிரம் பிழை செய்தவன். ஆனா போருக்கு ஓமெண்டேக்க கனதரம் பெயரைச் சொல்லித்தான் ஓமெண்டவன். அவன்ரை பேரப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து பாக்கலாம், எங்கட தாத்தா என்ன சொன்னவர் எண்டு. கைதட்டின சத்தத்துக்குள்ள ஆரை என்னெண்டு தேடுறது? எங்கட பேரப்பிள்ளையளும் பாக்கட்டும். பெயரைக் கூப்பிடுங்கோ.”

பேச்சாளர் கெட்டிக்காரர். இந்தச் சபையில் யார் எழுந்து இல்லை சொல்லப்போகிறான் என்று கணக்குப் போட்டிருப்பார். தாராளமாகக் கூப்பிடுங்கோ என்றார். பெயர் வாசிக்கிறவருக்கு வாக்கில்லை என்பது செனற்றர் முன்னமே சண்டை பிடித்துக் கொண்டுவந்த விதி, ஆகவே உறுப்பினர் பெயர்களை நான் வாசித்தேன்.

வாசிக்கத் தொடங்கியதும் ஒரு அதிசயம் நடந்தது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு மூத்திரம் முட்டியது. கழிவறை வாசலில் வரிசை நீண்டு, சமையலறையைச் சுற்றி வெளிக்கதவு வரை போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சற்று முதல் கூரை பறக்கக் கைதட்டியவர்கள், தன் பெயர் தனியாகக் காதில் விழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓம் என்றார்கள். ஒருவர், ஓம் எண்டுதான் நினைக்கிறன் என்றார். நினைக்கிறது கணக்கில்லை என்றார் செனற்றர். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றார். தலைவரின் பெயர் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், பேச்சாளரைப் பார்த்தார், ஓம் என்றார்.

செனற்றரின் முறை வந்தது.

“இல்லை. என்ரை பிள்ளையள் ரெண்டும் இங்க அவுஸ்பில்டுங்கில தொழில் பழகுதுகள். ஆரான்ரை பிள்ளையைப் போ எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை.”

யாரோ பின்னால் இருந்து துரோகி என்றார்கள். செனற்றர் திரும்பி, பெயரைச் சொல்லிச் சொல்லுங்கோ என்றார்.

அடுத்த பெயர் அவருடைய மனைவியுடையது. சபை சற்று இளகியது. வாழ்நாள் முழுக்க அவருக்கு எதிர்வாக்குப் போட்ட மனுசி, இதோ போடப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சாளரின் முகத்திலும் ஒரு சிரிப்பு. அக்கா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“என்ரை தங்கச்சின்ரை பெடியன் அங்க இருக்கிறான். பதினேழு வயசு. நான் என்னெண்டு ஓமெண்டுறது? இல்லை.”

செனற்றர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பெருமை பொங்கியது, பிறகு மெல்ல ஒரு மனக்குறை எட்டிப் பார்த்தது. அவர் முணுமுணுத்தது முன்னால் நின்ற எனக்குக் கேட்டது.

“தனிய நிண்டவையைத்தான் சரித்திரத்தில எழுதுவினம். இப்ப ரெண்டு பேராப் போச்சு.”

“அப்ப நீங்கள் ஓமெண்டு மாத்துங்கோ. நான் தனிய நிக்கிறன்” என்றார் அக்கா.

தீர்மானம் நிறைவேறியது. பேச்சாளர் என்னிடம் வந்து, ஏகமனதாக என்று எழுதும்படி சொன்னார். செனற்றர் மேசையின் மறுபக்கத்தில் வந்து நின்றார். நான் பேனையை வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தேன். அந்த மெத்தென்ற மனுசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு பேர் இல்லையெண்டவை, அப்பிடியே எழுதும் என்றார். எழுதினேன். பேச்சாளர் றோல்ஸ்கூடச் சாப்பிடாமல் காரில் ஏறினார். றோல்ஸ் பொரித்த மகளிர் அணி அதைத்தான் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டது.

அடுத்த கிழமை தொடங்கியது புறக்கணிப்பு. செனற்றர் வீட்டுக்கு யாரும் போவதில்லை, கொண்டாட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அது மற்ற ஊர்களிலும் நடக்கிறதுதான். நகர பஸ்சைப் புறக்கணித்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். அவருடைய பஸ் வந்தால் நம் சனம் ஏறாது. அடுத்த பஸ்சுக்காக மழையில் நனைந்துகொண்டு நிற்கும். வேலைக்குப் பிந்தினாலும் சரி, குழந்தைக்கு டொக்ரரிடம் எடுத்த தெர்மீன் நேரம் தவறினாலும் சரி, கொள்கை கொள்கைதான்.

செனற்றர் விடுகிற ஆளோ? நிறுத்தத்தில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் பஸ்சை நிறுத்துவார். கதவைத் திறப்பார். நடக்க ஏலாதவர்கள் ஏற வசதியாகப் பஸ்சை ஒரு பக்கம் பதிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அமத்துவார். பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் யானை மாதிரிச் சரியும். பிறகு அந்தக் கோட்டுக் குரலில் ஆளின் முழுப் பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டு, ஏறுறீங்களோ இல்லையோ என்று கேட்பார். உள்ளே இருக்கிற ஜேர்மன்காரர் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். வெளியே நிற்கிறவர் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு இல்லை என்பார். வாக்குப் பதிஞ்சாச்சு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். பஸ் பிந்துகிறது என்று மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, பயணிகளுக்கு ஏறாமல் விடவும் உரிமையுண்டு, அதை அவர்கள் வாயால் சொல்லவும் உரிமையுண்டு என்று விளக்கினாராம்.

மாதங்கள் போயின, வருடங்களும் போயின. நான் அந்த பஸ்சில்தான் வேலைக்குப் போய்வந்தேன். பல நாள் முன் இருக்கையில் நான் ஒருவனே தமிழன். பழகிப்போன 1812-ஐ எனக்கு மட்டும் முழுதாகச் சொல்லுவார், ஒரு சொல்லையும் விடாமல்.

2009 தொடங்கியபோது ஊரில் இருந்து வந்த செய்திகளை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலை ஸ்ரேசன் நிறுத்தத்தில் தலைவர் நின்றார். எப்போதும் காரில் போகிற மனுசன். இரவிரவாக நித்திரை இல்லாததால் ஓட்ட ஏலாமல் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பஸ் நின்றது, கதவு திறந்தது. செனற்றர் அவரைப் பார்த்தார். பெயரைக் கூப்பிடவில்லை. தலைவர் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

சந்தை போனது, ஆஸ்பத்திரி போனது. செனற்றர் ஒரு போரையும் தொடங்கவில்லை. தொழிற்சாலை நிறுத்தத்தில் கதவு திறந்து மூடியது. தலைவர் இறங்கவில்லை. நானும் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு செனற்றர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து எதிர் இருக்கையில் அமர்ந்தார்.

தலைவரின் தம்பியும் குடும்பமும் இராணுவம் சுற்றி வளைத்திருந்த சிறு கரையோரத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். கிழமைக்கணக்காகப் போனில் கதை இல்லை. அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கு ஆக்கள் அங்க இருந்தவை, அண்ணை. இருந்தும் நான் ஓமெண்டனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“அதுக்கு இப்ப வாக்கெடுப்பில்லை” என்றார் செனற்றர். “இந்தாங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ. குடிச்சிட்டு அவையின்ரை பெயரைச் சொல்லுங்கோ. முழுப் பெயர்.”

அந்த வசந்தத்தில் எங்கள் சனம் ஜேர்மனி எங்கும் தெருவில் நின்றது. சுடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டோம். ஒரு பெரிய நகரத்தின் ஸ்ரேசன் வாசலில் நாங்களும் நின்றோம். எல்லாரும் கோஷம் போட்டார்கள். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். செனற்றர் ஒரு பூச்சாடித் திட்டின்மேல் ஏறினார். தலைவரின் தம்பியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு தம்பியின் மனைவி, பிறகு பிள்ளைகள், ஒவ்வொருவராக. பிறகு தன் மனைவியின் தங்கச்சி மகனை. கோஷம் நின்றுவிட்டது. வீதியைக் கடந்துகொண்டிருந்த ஜேர்மன்காரர்கள், தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்து நின்றார்கள்.

முதலில் ஒரு பெண் கிட்டப் போய், என்ரை அம்மாவையும் கூப்பிடுங்கோ அண்ணை என்றார். பிறகு வரிசை. மழையில் நின்று அவருடைய பஸ்சைப் போகவிட்டவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் நின்றார்கள். அவரைத் துரோகி என்ற குரலும் அதில் இருந்திருக்கும். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் வந்து, அனுமதித்த நேரம் முடிந்தது, போதும் என்றார். செனற்றர் குனிந்து, மரியாதையாக, இல்லை என்றார். இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று வரிசையைக் காட்டினார். பொலிஸ்காரர் வரிசையைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார். கடைசிப் பெயர் வரும்போது அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. அக்கா கீழே நின்று அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், விழாமல்.

கூப்பிட்ட எல்லாரும் வரவில்லை. அக்காவின் தங்கச்சி மகன் ஒரு முகாமில் இருந்து போன் எடுத்தான். கால் போய்விட்டது, உயிர் இருந்தது. தலைவரின் தம்பி மனைவியும் மூத்த பிள்ளையும் கிடைத்தார்கள். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. செனற்றருக்குக் குரல் திரும்பக் கனகாலம் எடுத்தது. பழையபடி அது வரவேயில்லை.

அந்த ஆண்டு முடிவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் வேலை செய்கிற ஹனோவருக்கு இருவரும் குடிபெயர்ந்தார்கள். வழியனுப்ப ஸ்ரேசனுக்குப் போனோம். தலைவர் பெட்டிகளை ஏற்றினார். அக்கா எல்லாருக்கும் கை காட்டினார். செனற்றர் கதவில் நின்றுகொண்டு, மகள் இருக்கிற கட்டடத்தில் குடியிருப்பாளர் கூட்டம் நடக்கிறது, நிர்வாகம் என்ன சொன்னாலும் அந்தச் சனம் எல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறதாம் என்று கரகரத்த குரலில் சொன்னார். “விடேலாது. போய்ப் பாக்கிறன்” என்றார்.

கதவு மூடியது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அவர் ரிக்கற் பரிசோதகரோடு எதற்கோ வாதாடத் தொடங்குவது தெரிந்தது. ரயில் போன பிறகு மற்றவர்கள் மாடிப்படியால் இறங்கினார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இவ்வளவு அமைதியாக ஒரு இடம் இருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.